ஊருக்குப் போற விளையாட்டு

பள்ளிக்கூடத்தைப் பூட்டிய அன்றே அந்த மூன்றாவது மாடி வீட்டின் நிம்மதியையும் யாரோ பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரெல்லாம் கலர் பென்சில். சோபாவின் மெத்தைகள் தரையில். குளிக்கிற வாளியில் பிளாஸ்டிக் வாத்துகள். ஏழு வயதுப் பட்டுவுக்கு வாய் ஓயாது, நாலு வயதுத் தம்பி உருண்டைக்குக் கால் ஓயாது.

லீவின் முதல் வாரத்திலேயே அவர்களுடைய அம்மா சாப்பாட்டு மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பேசாம ரெண்டையும் ஹாஸ்டல்ல போட்டுட்டு நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்றாள். எல்லா அம்மாக்களும் சொல்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவனும் சிரித்தான்.

மறுநாளே அவன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தான். பாலர் பள்ளி டீச்சர். கல்யாணமாகி, குழந்தை இல்லாமல், கடைசியில் அந்தக் கல்யாணமும் இல்லாமல் போனவள். "அவளுக்கும் லீவுதான். தனியா உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு நம்ம பிள்ளைங்களைப் பாக்கட்டுமே" என்றான்.

நாத்தனார் வந்தபிறகு வீடு அடங்கியது. மணலும் களிமண்ணும் கொண்டுவந்தாள். பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். எங்கிருந்து பிடிப்பாளோ, நாளுக்கொரு விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஷூ போடுகிற போட்டி. யார் நெடுநேரம் பேசாமல் உட்காருவது என்கிற போட்டி. ஒரு நிமிஷம் சும்மா இருக்காத உருண்டை, நாற்காலியில் கைகட்டி, வாய்பொத்தி, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மாவுக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது.

"எப்படிம்மா இப்படி மடக்கிப் போட்டே?" என்று கேட்டாள்.

"பழக்கம்தான் அண்ணி" என்று நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன மாதச் சண்டையை அம்மா மறந்துவிட்டாள். மறந்ததாகத்தான் நினைத்தாள். தொலைதூர ஊரில் நண்பன் லிஃப்ட் கம்பெனி வைத்திருக்கிறான், எல்லோரும் அங்கே போய்விடலாம் என்று கணவன் ஒற்றைக்காலில் நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக், சொந்த வேனில் போய் ரிப்பேர் பார்ப்பவன். அவளோ ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பத்து வருஷமாகக் கவுன்டரில் நின்று, இப்போதுதான் பரிசோதனை அறை அவள் பொறுப்பில் வந்திருந்தது. "முடியாது" என்றாள். "நீ வராட்டி இரு. பிள்ளைங்க என் பிள்ளைங்க" என்று அவன் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அதற்கப்புறம் மன்னிப்புக் கேட்டான். அன்றிலிருந்து சர்க்கரைப் பாகுதான். அவளுடைய டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கிறான். "கண் டாக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்று பிள்ளைகளிடம் கேலி பேசுகிறான். மனிதன் திருந்திவிட்டான் என்று அவளும் நம்பியிருந்தாள்.

இன்று காலை, கடையின் மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கூரை ஒழுகி, கண்ணாடிப் பெட்டிகளெல்லாம் நனைந்துவிட்டன. முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். போன சூட்டோடு அவள் வீடு திரும்பினாள்.

கதவைத் திறந்தால், கூடத்தில் இரண்டு பிள்ளைகளும் தலைவாரி, பவுடர் போட்டு, ஷூ மாட்டி வரிசையாக நிற்கின்றன.

நாத்தனாரின் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"அ... அண்ணி? என்ன, அதுக்குள்ள?"

"கடை லீவு. எங்க, பார்க்குக்குக் கிளம்பிட்டீங்களா?"

"இல்ல அண்ணி. சும்மா... விளையாட்டு."

அம்மா குனிந்து உருண்டையின் ஷூவை அழுத்திப் பார்த்தாள். கட்டை விரலுக்கு முன்னால் காலி இடம். "இது ஏது புதுசு? பெரிசா இருக்கே."

"அண்ணன் வாங்கிட்டு வந்தாரு. வளர்ற பிள்ளைங்கதானே" என்ற நாத்தனார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, காலையிலேருந்து பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நீங்கதான் இருக்கீங்களே, டாக்டரைப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் தடதடவென்று இறங்கிப்போனாள்.

பல்வலிக்காரி இப்படி ஓடுவாளா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்குள் பட்டு, "அம்மா, போர் அடிக்குது" என்று ஆரம்பித்துவிட்டாள். தம்பியும் அதே ராகத்தில், "போர் அடிக்குது, போர் அடிக்குது" என்று சோபாவின் மேல் குதித்தான்.

வெளியே வெயில் கொளுத்தியது. தார்ச்சாலையைப் பார்க்கவே கண் கூசியது. அம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"சரி, புதையல் வேட்டை! அம்மா வீடு முழுக்கப் புதையல் ஒளிச்சு வைப்பேன். படம் போட்டுத் துப்புக் கொடுப்பேன். கண்டுபிடிக்கிறவங்களுக்கே எல்லாம்!"

இரண்டும் குளியலறையில் அடைபட்டுக் கண்ணை மூடிக்கொண்டன. அவள் பிஸ்கட் பாக்கெட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்தாள். விசிலை வாஷிங் மெஷினுக்குள் போட்டாள். ரப்பர் பந்தைக் குடைக்குள் செருகினாள். கட்டில், குடை, மெஷின் என்று துண்டுத் தாள்களில் வரைந்தாள். எத்தனை நாளாயிற்று இவர்களோடு இப்படி விளையாடி! வீட்டில் விளையாட்டெல்லாம் நாத்தனாரின் இலாகா ஆகிவிட்டது.

"ரெடி!"

பட்டு துப்பைப் பார்த்துவிட்டு ஓடினாள். உருண்டை துப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினான். பந்து கிடைத்தது, விசில் கிடைத்தது. பட்டு விசிலை ஊதிய ஊதலில் காது கிழிந்தது. பிஸ்கட்டைத் தேடும்போதுதான், தம்பியின் சத்தத்தையே காணோம் என்று அம்மாவுக்கு உறைத்தது.

பிள்ளைகள் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் நின்றால்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

"உருண்டை?"

நாத்தனார் படுக்கிற அறையில், கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு குட்டிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "ஐ! பொதையல்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. முக்கி முனகி, ஒரு நீலப் பயணப் பையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்து வந்தான். ஜிப் பாதி திறந்திருந்தது. அவன் மார்போடு ஒரு பழந்துணியை அணைத்திருந்தான்.

"துத்து கெடச்சிடுச்சும்மா!"

அம்மா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

துத்து என்பது அவளுடைய பழைய துப்பட்டாவின் ஒரு துண்டு. அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளாமல் உருண்டை தூங்கமாட்டான். போன வாரம் அது காணாமல் போனது. குழந்தை ஏங்கி ஏங்கி அழுதான். வீட்டையே புரட்டிப்போட்டார்கள். நாத்தனாரும்தான் தேடினாள். மண்டியிட்டு, டார்ச் அடித்து, இதே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, "இங்க இல்லையே அண்ணி" என்று சொன்னாள்.

அம்மா பையை முழுவதும் திறந்தாள்.

மேலே பட்டுவின் கவுன்கள், உருண்டையின் டிரவுசர்கள். மடிப்புக் கலையாத புதுத்துணி, எல்லாம் ஒரு அளவு பெரிது. இரண்டு சின்னப் பல் துலக்கும் பிரஷ். பட்டுவுக்கு அவ்வப்போது மூச்சிழுப்பு வரும். அதற்கான இன்ஹேலர்கள், ஒன்றல்ல, ஒரு கட்டு. அடியில் நாத்தனாரின் இரண்டு சுடிதார்.

தன்னுடைய பொருள் ஒன்றுகூட இல்லை. திரும்பவும் துழாவினாள். ஒரு கைக்குட்டைகூட இல்லை.

வாசலில் பட்டு நின்றுகொண்டிருந்தாள். வாயில் விசில், ஊதவில்லை.

"அதை எடுக்கக் கூடாதுடா" என்றாள் தம்பியிடம். "அத்தை திட்டுவாங்க."

"இந்தப் பையை நீ முன்னாடியே பாத்திருக்கியா பட்டு?"

பட்டு விரல்களைப் பின்னிக்கொண்டாள். "சொன்னா அவுட்டும்மா."

"எதுல அவுட்?"

"ஊருக்குப் போற விளையாட்டுல."

அதட்டிக் கேட்டால் இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று பெற்றவளுக்குத் தெரியும். அம்மா பட்டுவின் முன்னால் மண்டியிட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"எனக்கும் சொல்லிக் குடேன். நானும் ஆடறேன். ஆடற ஆளுக்குச் சொன்னா அவுட் இல்லையே?"

பட்டு யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. மறு நிமிஷம் டீச்சர் ஆகிவிட்டாள். சாப்பாட்டு நாற்காலிகள் மூன்றை வரிசையாக இழுத்துப் போட்டாள். அதுதான் ரயில். ஒன்றில் தம்பி, ஒன்றில் அவள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

"நீ டிக்கெட் கேக்கற மாமா. வா, கேளு."

அம்மா வந்து நின்றாள். "டிக்கெட்... டிக்கெட்... ஏம்மா, நீங்க யாரு பிள்ளைங்க?"

உருண்டை சட்டென்று கையைக் கட்டிக்கொண்டான். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். பொம்மை. பட்டு மட்டும் நிமிர்ந்து, காலி நாற்காலியைக் காட்டினாள்.

"இவங்கதான் எங்கம்மா."

அம்மா காலி நாற்காலியைப் பார்த்தாள். "அப்ப... வீட்டுல ஒரு அம்மா இருப்பாங்களே?"

"இல்ல" என்றாள் பட்டு, ஒப்பிக்கிற குரலில். "எங்களுக்கு ஒரே அம்மாதான். நாங்க அப்பாகிட்ட போறோம்."

"தப்பாச் சொன்னா ஐஸ்கிரீம் கட்" என்று உருண்டை கிசுகிசுத்தான். பேசிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"ரொம்ப நல்லா ஆடறீங்க" என்றாள் அம்மா. அந்தக் குரல் யாருடையதோ போல அவளுக்கே கேட்டது. "இதை அத்தையா கண்டுபிடிச்சாங்க?"

"அப்பாதான். அத்தை சொல்லித் தருவாங்க. அப்பா டெஸ்ட் வைப்பாரு. நான்தான் எப்பவும் ஃபர்ஸ்ட்."

சமையல் மேடையில் இருந்த போன் அடித்தது. கணவன்.

"என்ன டாக்டரம்மா, கடை லீவாமே?"

அவள் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் பார்த்தவள் ஒருத்திதான்.

"ஆமா" என்றாள்.

"நல்லதாப் போச்சு, நீ படுத்துத் தூங்கு. நான் நாலு மணிக்கு வந்து பிள்ளைங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். பாவம், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குதுங்க. ஷூ மாட்டி ரெடியா வை, என்ன?"

"சரி" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யாரைக் கூப்பிடுவது? என்னவென்று சொல்வது? பெற்ற அப்பா பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகப் போகிறார், வந்து தடுங்கள் என்றா? கேட்கிறவன் சிரிப்பான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நாத்தனார் வந்தாள். பல் டாக்டரிடம் போய்வந்தவள் முகமாக இல்லை, அழுது கழுவிய முகமாக இருந்தது. உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றாள். கூடத்தின் நடுவில் நீலப் பை. அதன் மேல் சாய்ந்து, துத்துவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உருண்டை தூங்கிக்கொண்டிருந்தான்.

"உக்காரு" என்றாள் அம்மா. மூன்று நாற்காலிகள் அப்படியே வரிசையில் இருந்தன. அவள் நடு நாற்காலியைக் காட்டினாள். "உன் எடம்தானே?"

நாத்தனார் உட்காரவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க ரெண்டையும் ஹாஸ்டல்ல சேக்கப் போறீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

"யாரு, நானா?"

"நீங்களே உங்க வாயால சொன்னீங்களாம். நிம்மதியா வேலைக்குப் போகணும்னு. இத்தினியூண்டு பிள்ளைங்க, ஹாஸ்டல்ல என்ன பண்ணும்னு எனக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள காப்பாத்திடணும், நீ முதல்ல கூட்டிட்டுப் போ, நான் பின்னாடியே வந்துடறேன்னாரு. இன்னிக்கு மதியம் ரயிலு. நீங்க திடீர்னு வந்துட்டீங்க."

விளையாட்டாகச் சொன்ன ஒற்றை வாக்கியம். சொன்ன அன்று எதிரே உட்கார்ந்து சிரித்தானே, அதை அப்போதே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறான்.

"அப்படியே நம்பிட்டே. சரி. அவன் துணியை எதுக்கு எடுத்து ஒளிச்சே? அவன் அழுததை ஒக்காந்து பாத்தியே!"

"வழியில தூங்கணுமேன்னு எடுத்தேன். திருப்பிக் குடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்." அவளுடைய குரல் இறங்கிப்போனது. "இன்னொன்னும் சொல்லிடறேன் அண்ணி. அந்த விளையாட்டுல ரெண்டும் என்னை அம்மான்னு கூப்பிடும். போதும், நிறுத்திடலாம்னு தினம் நெனைப்பேன். நிறுத்தலை. அவங்க மறந்துட்டாக்கூட நானே மறுபடியும் ஆரம்பிச்சேன்."

அறைந்துவிடத்தான் கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது. தூக்கத்தில் உருண்டை முனகினான்.

"இப்ப எதுக்கு அழறே?"

"அண்ணனைப் பாத்துட்டுத்தான் இப்ப வரேன். இன்னிக்கு வேணாம், அண்ணிகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க, பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னாவது எப்ப சொல்லுவீங்கன்னு கேட்டேன். 'அவளுக்கு எதுக்குச் சொல்லணும்?'னாரு. கோவமாச் சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்குவேன் அண்ணி. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

வெளியே லிஃப்ட் மேலே ஏறும் ஓசை கேட்டது. கடிகாரத்தில் நாலு இன்னும் ஆகவில்லை.

அம்மா பாய்ந்து போய் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். அதே நொடியில் சாவித் துவாரத்தில் சாவி நுழைந்து திரும்பியது. கதவு அசைந்தது. திறக்கவில்லை.

"என்னது, உள்ள தாழ் போட்டிருக்கு?" என்றான் அவன் வெளியே. "டாக்டரம்மா! நான்தான்."

அவள் உருண்டை தூங்கும் பக்கம் பின்வாங்கினாள்.

"தங்கச்சி, நீயாவது தொற."

நாத்தனார் எழுந்தாள். கதவை நோக்கி நடந்தாள். இவள் இன்னும் அவன் பக்கம்தானா? ஆனால் நாத்தனார் தாழ்ப்பாளைத் தொடவில்லை. திரும்பி நின்று, முதுகைக் கதவில் அழுத்திச் சாய்த்துக்கொண்டாள்.

"நான் தொறக்க மாட்டேன் அண்ணா."

கத்துவான், உதைப்பான் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். அவன் கத்தவில்லை. பேசியபோது குரல் தேனாக இருந்தது. தரைமட்டத்திலிருந்து வந்தது. கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

"பட்டு... உருண்டை... அப்பா வந்துட்டேன். ஒரு விளையாட்டு. யாரு முதல்ல ஓடி வந்து தாழ்ப்பாளைத் தொறக்கறாங்களோ, அவங்கதான் ஃபர்ஸ்ட்!"

தூங்கிக்கொண்டிருந்த உருண்டை விழித்தே விட்டான். "நான்! நான்!" என்று எழுந்து ஓடினான். அம்மா அவனை இடுப்போடு வாரித் தூக்கினாள். அவன் துள்ளினான், காலை உதைத்தான், வீரிட்டு அழுதான். "விடும்மா! நான் ஃபர்ஸ்ட்!"

பட்டு உள்ளறை வாசலில் நின்றாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டும். அம்மாவின் இரண்டு கையிலும் தம்பி. கதவில் சாய்ந்திருந்த அத்தையோ முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஓடிவந்து கையை நீட்டினால் போதும்.

"பட்டு, வா கண்ணு" என்றது வெளியே இருந்த குரல். "நீதானே எப்பவும் ஃபர்ஸ்ட்."

பட்டு மெல்ல நடந்து வந்தாள். கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்று, தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினாள். அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அம்மாவின் கன்னங்கள் நனைந்திருப்பதைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள். "அம்மாவும் வராங்களா?"

உருண்டைகூட அழுகையை நிறுத்திவிட்டான். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்தில் துணி உரசும் ஓசை, ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

பட்டு நீட்டியிருந்த கையை இறக்கினாள். பின்னால் நகர்ந்து, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அப்போது கீழே தெருவில் அவனுடைய வேனின் ஹாரன் ஒலித்தது. இரண்டு முறை, பொறுமையில்லாமல், நீளமாக.

அம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள், எனக்குத் தெரியாது என்று.

அவன் இங்கே, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான். அப்படியென்றால், தங்கையின் அந்த நடு நாற்காலிக்கு அவன் வேனில் கூட்டி வந்திருப்பது யாரை?